ஹெப்சி சாய்வு

எண்ணூறு ரூபாயும் ஒரு மீன்குழம்புச் சாப்பாடும்:
என் கையெழுத்துக்கு டார்வின் அண்ணன் தந்த விலை.
களியக்காவிளை சந்தைக்கு எதிரே மாடியில்
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃப்ளெக்ஸ் மெஷின், நான்.
கட்டம் போட்ட தாளை நீட்டி
இருநூற்று நாற்பத்தேழையும் எழுது என்றார்.
ஙௌ-வை அன்றைக்குத்தான் முதல்முறை எழுதினேன்.
எந்தச் சொல்லுக்கும் வேண்டாத அது
வாடகைக்கு ஆள் வராத கடைபோல
ஃபைலுக்குள் ஷட்டர் இறக்கிக் கிடக்கிறது இன்னும்.

ல-வுக்கு ஒரு வால். ழ-வுக்கு அதைவிட நீளம்,
அடுத்த எழுத்தின் காலடிவரை பாய் விரிக்கும்.
மெய்ப்புள்ளி எல்லாம் வலப்பக்கம் தள்ளி விழும்.
பஸ்ஸில் ரெக்கார்டு நோட்டு எழுதிய கை, என்ன செய்ய.

பிறகு அந்தக் கை என்னைக் கேட்காமல் ஊர் சுற்றியது.
கல்யாணக் கார்டு, கேக் பெட்டி,
நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்,
ஆட்டோவின் முதுகில் 'ஏசு ஜீவிக்கிறார்',
குழித்துறை பியூட்டி பார்லர் போர்டு.
எனக்குக் கண்ணாடி பார்க்க நேரமில்லை,
என் கை அங்கே மணப்பெண்களுக்குப் புருவம் திருத்துகிறது.

எங்கே ஆகாது என்பதை
அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.
சின்ன சைசில் வால்கள் சிக்கி
வரி முழுக்க எறும்புச்சாரை.
'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று போட்டுக் கொடுத்தோம்,
அத்தனை அழகாய்ச் சொன்னால் யார் பயப்படுவார்?
அடுத்த வாரம் அங்கே இரண்டு மடங்கு குப்பை.
எண்களுக்கு ஆகவே ஆகாது.
என் ஏழுக்கும் ஒன்றுக்கும் ஒரே மூக்கு.
பதினேழாம் தேதிக் கல்யாணத்துக்குப் பதினொன்றிலேயே
நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு வேன் வந்து
பூட்டிய மண்டபத்தின் முன்னால்
பட்டுச்சேலைகளை இறக்கிவிட்டது.
டார்வின் அண்ணன்தான் பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.
ஒருவர் தன் அம்மாவின் நாற்பத்தொன்றாம் நாளுக்குக் கேட்டார்.
'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்',
திரையில் அது இடுப்பை ஒசித்துக்கொண்டு நின்றது.
வேண்டாம் மோளே, என்றார் அவரே.

போன மாதம் சுனிலா வந்தாள்.
பாறசாலையில் கட்டிக் கொடுத்த பெண்,
படியேறிய மூச்சு அடங்கவில்லை.
ஒரு தாளை மேசையில் விரித்தாள்:
சட்டைப் பையில் இருந்தது, துவைக்க எடுத்தப்ப கிடைச்சுது.
பார்லர் போர்டைக் காட்டி இது யார் எழுத்து என்று கேட்டேன்.
உன் பெயரைச் சொன்னார்கள்.

என் கையேதான்.
'தாமசிச்சு வந்ததுக்குக் கோபப்படாதே.
நின்னைக் காணாத நேரம் மனசுக்கு ஒரு சுகமில்லை.'
பெயர் இல்லை, தேதி இல்லை.
நான் ஒருநாளும் எழுதாத சொற்கள்
என் வாலை ஆட்டிக்கொண்டு நின்றன.
முகம் சூடாகிவிட்டது, திருடிக் கையும் களவுமாய் அகப்பட்டதுபோல.

பேனாவை எடுத்து ஐந்து க எழுதினேன்.
ஐந்தும் ஐந்து விதம்.
பிறகு கடிதத்தில் இருந்த க-க்களை எண்ணச் சொன்னேன்.
எண்ணினாள், விரல் வைத்து, உதடு அசைய.
எல்லாம் ஒன்றுபோல இருக்கு, என்றாள்.
கை எழுதினால் அப்படி வராது அக்கா.
இது மெஷின்.
யாரோ சொல்ல, டார்வின் அண்ணன் அடித்திருக்கிறார்.

பில் நோட்டில் தேடினேன்:
'லெட்டர் 1, ரூ.15.' ஆள் பெயர் இல்லை.
அண்ணன் பேப்பர் லோடு எடுக்கத் திருவனந்தபுரம் போயிருந்தார்,
போனையும் எடுக்கவில்லை.

அவள் 'தாமசிச்சு'வின் மேல் நகத்தை வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.
அவருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், என்றாள்.
எழுத வராது.
கொஞ்சம் கழித்து:
வேற ஆளுக்கா இருந்தா?
எனக்கு என்ன தெரியும். ஃபேன் சுற்றியது.

பேனாவைக் கேட்டு வாங்கி
தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வரி எழுதினாள்,
கோழி கிளறிய எழுத்து, எனக்குக் காட்டாமல்.
பழைய மடிப்பிலேயே மடித்தாள்.
சட்டை காய்ஞ்சதும் திரும்ப வைக்கணும், என்றாள்.

படியில் பாதி இறங்கியவள் நின்று திரும்பினாள்:
அந்த ழ-வுக்கு வால் கொஞ்சம் கூடுதல், கேட்டியா.